விரிசலின் மேல் ஒரு சாட்சி

...அந்தப் பல்புக் கேள்வியை யோசித்த ஆள் யாரோ, கையில் கிடைத்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கவேண்டும், வீட்டில் எத்தனை பல்பு எரிகிறது என்று ஒரு கேள்வியாம், பல்பு கூடினால் வசதி கூடுமாம், வசதி கூடினால் நிலம் ஆடிய பிறகு அந்தக் குடும்பம் சீக்கிரம் எழுந்து நின்றுகொள்ளுமாம், எவனோ ஜன்னலோர மேஜையில் காப்பி குடித்துக்கொண்டே எழுதிவிட்டான், அதைத் தூக்கிக்கொண்டு ஐந்து மாடி ஏறி இவள் கேட்டால், மின்சாரத் திருட்டைப் பிடிக்க ஆள் வந்துவிட்டது என்று பயந்து எல்லா வீட்டிலும் ஒரே பதில், ரெண்டு பல்புதாம்மா, அதுலயும் ஒண்ணு எரியாது. ராத்திரியானால் தெருவில் நின்று பார்க்கட்டுமே, ஜன்னல் ஜன்னலாக ஜெகஜோதி. எத்தனை பேர் குடியிருக்கிறீர்கள் என்றால் மூணு பேர், உள்ளே எட்டு ஜோடிச் செருப்புக் கிடக்கும். சரி, எழுதிக்கொள்கிறேன், மூன்று பேர், இரண்டு பல்பு, யாருக்கும் நோய் இல்லை, யாருக்கும் கடன் இல்லை, மெக்சிகோ நகரத்திலேயே கவலையற்ற ஜனங்கள் இந்தத் தோக்தோரெஸ் பேட்டையில், இந்த ஒரு கட்டடத்தில்தான் இருக்கிறார்கள்... ஓதிலியா வாசலில் நின்று தோள்பையை இறக்கித் திறந்து பார்த்தாள், டார்ச் இருக்கிறது, பூதக்கண்ணாடி இருக்கிறது, ஜிப்சம் பொட்டலம்கூட இருக்கிறது, பொறுமைதான் இல்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் நிறுவனத்தின் மேலதிகாரி செர்தா வந்துவிடுவார், கூடவே வீட்டுக்காரர்களின் வக்கீலும் வருவான், அதற்குள் மாடி மாடியாக ஏறி, மார்ச் மாதம் தான் வைத்துவிட்டுப் போன சாட்சிகளைப் பார்த்து முடித்திருக்கவேண்டும். ஒன்றாவது உடைந்திருந்தால் சிவப்புத் தாள், எல்லோரும் வெளியே. எல்லாம் முழுசாக இருந்தால் மஞ்சள் தாள், இருக்கிறவர்கள் இருக்கலாம். அவ்வளவுதான் விஷயம், அதைச் சொல்ல ஒரு பொறியாளர் தேவைதானா என்பது வேறு.

சாட்சி என்றால் பெரிய சங்கதி ஒன்றுமில்லை, விரிசலின் குறுக்கே ஜிப்சத்தைக் குழைத்து விரல் நீளத்துக்கு ஒரு பட்டை, அதன் மேல் பென்சிலால் தேதி, விரிசல் உயிரோடு இருந்தால் பட்டை உடையும், செத்த விரிசலென்றால் பட்டை அப்படியே இருக்கும், தொழிலில் அதற்குப் பெயர் சாட்சி. இதைவிட நுணுக்கமான கருவிகள் எல்லாம் உண்டுதான், நிறுவனத்தின் விளம்பரப் புத்தகத்தில் பளபளவென்று படம் போட்டிருக்கிறார்கள், ஆனால் அவளுக்குக் கொடுத்து அனுப்புவது ஜிப்சம் பொட்டலம். இவளும் ஒரு வழக்கம் வைத்திருந்தாள், பூசி முடித்ததும் வலது ஓரத்தில் கட்டைவிரலால் ஒரு அமுக்கு, யாரும் சொல்லித்தரவில்லை, முதல் வேலையில் எப்படியோ தொற்றிக்கொண்டது, அப்புறம் அது இல்லாமல் வேலை முடிந்ததாகவே தோன்றுவதில்லை. வாசலில் கூகா தோசைக்கல் மாதிரியான தன் பெரிய இரும்புக் கல்லை அடுப்பில் ஏற்றி, சோள அடையைத் திருப்பிக்கொண்டிருந்தாள், இந்தக் கட்டடத்தின் கதவும் சாவியும் வம்பும் எல்லாம் அவள் பொறுப்பு, காலையில் கூட்டுவாள், அப்புறம் இங்கே உட்கார்ந்து கேசடியா விற்பாள். சாப்பிட்டுவிட்டுப் போ என்று பிடித்துக்கொண்டாள். வேண்டாம் அக்கா, நேரமில்லை. நேரமெல்லாம் வரும், பூசணிப்பூ வைத்துத் தருகிறேன், சீஸ் வைக்கட்டுமா வெறுமனேயா... விடுவதாயில்லை, கையைப் பிடித்து ஸ்டூலில் உட்கார்த்தியே விட்டாள், ஓதிலியாவும் தின்றாள், பசிதான், பசி என்று ஒத்துக்கொள்ளாத பசி, ஒன்று தின்று, இன்னொன்று தின்று, வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

முதல் சாட்சி மீட்டர் பெட்டிகளுக்குப் பக்கத்தில். முழுசு. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தாள், ஒரு முடி அளவு கோடுகூட இல்லை, தேதி இருக்கிறது, கட்டைவிரல் பள்ளம் இருக்கிறது. நல்லது. இரண்டாவதுக்குத் திரும்புவதற்குள் முடிதிருத்தும் நிக்கானோர் கத்தரிக்கோலும் கையுமாகக் கடையிலிருந்து வந்துவிட்டான், தன் சுவரையும் பார்க்கவேண்டுமாம். உங்கள் சுவரில் விரிசலே கிடையாதே என்றாள். அதெல்லாம் உண்டு, வந்து பாருங்கள். போய்ப் பார்த்தால், சுத்தமான சுவரில், நிலைக்கண்ணாடிக்குப் பக்கத்தில், எங்கிருந்தோ முளைத்த ஒரு சாட்சி, ஜம்மென்று, தேதி போட்டு, கட்டைவிரல் அமுக்கி. இதை நான் வைக்கவில்லையே என்றாள். நிக்கானோர் கொஞ்சமும் கூசவில்லை. "எல்லா வீட்டுக்கும் வச்சீங்க, எனக்கு மட்டும் வைக்கல. நாளைக்கு அரசாங்கம் ஏதாவது குடுத்தா என் சுவரு மட்டும் அநாதையா நிக்கணுமா?" என்றான். நாற்காலியில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்த ஆள் சிரித்தான், அவளுக்கும் சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு பாதியில் நின்றது... கட்டைவிரல் அமுக்கி? தன் வழக்கத்தை இவன் எப்போது கவனித்தான்? ஒருவேளை பார்த்திருப்பான், சும்மா இருக்கிற ஆள், பார்த்திருப்பான். இவனைத் திட்டி என்ன ஆகப்போகிறது, இந்த ஊரில் பாதிப்பேர் விரிசலை மறைக்கிறார்கள், மீதிப்பேர் இல்லாத விரிசலைக் காட்டுகிறார்கள், நடுவில் இவள் ஒருத்தி டார்ச்சோடு அலைகிறாள், இந்த இரண்டு பொய்யையும் கூட்டிக் கழித்து ஒரு எண் வரும், அந்த எண்ணுக்கு ஒரு நிறம் வரும், அந்த நிறத்தை வரைபடத்தில் அடைத்தால் பெரிய மனிதர்கள் கூடிநின்று தலையாட்டுவார்கள்.

முதல் மாடி, முழுசு. மாடிப்படி வளைவில் குவாதலூப்பே மாதாவின் படம், மார்ச்சில் வேறு சுவரில் இருந்தது, இப்போது கொஞ்சம் நகர்ந்து விரிசலின் மேல் பாதியை மூடிக்கொண்டு நிற்கிறாள், முன்னால் ஒரு குட்டி விளக்கு. மாதாவை நகர்த்தச் சொல்ல இவளுக்கு நாக்கு வருமா, வராது என்று தெரிந்துதானே அங்கே மாட்டியிருக்கிறார்கள். கூகா அடுப்பை யாரிடமோ விட்டுவிட்டுப் பின்னாலேயே ஏறி வந்துகொண்டிருந்தாள், முழங்கால் வலி என்று முனகிக்கொண்டே. எதற்கு வருகிறாள், நான் சாவி கேட்கவே இல்லையே. மார்ச்சில் வீடு வீடாகக் கேட்டு நிரப்பிய அந்தப் படிவத்தில் இன்னொரு கேள்வி உண்டு, கீழே இறங்க உதவி தேவைப்படுபவர் யாராவது வீட்டில் உண்டா, அதற்கும் எல்லா வீட்டிலும் இல்லை, நாலாம் மாடியில்கூட இல்லை, நாலாம் மாடியில் எலாதியோ தாத்தாவுக்குச் சர்க்கரை வியாதியில் இரண்டு காலும் போய்விட்டது, அவர் கண்ணெதிரே நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அவர் மகள் மேச்சே சொல்கிறாள், இல்லை, யாருக்கும் உதவி தேவையில்லை, நாங்களே பார்த்துக்கொள்வோம். இதை என்னவென்று எழுதுவது? அலாரம் அடித்தால் என்ன செய்வீர்கள் தாத்தா என்று ஓதிலியா அவரிடமே கேட்டாள். "டிவி சத்தத்தைக் கூட்டிக்குவேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், மேச்சேயைத் தவிர.

கிழவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அதுதான் உண்மை, கம்பத்துக் கம்பம் ஒலிபெருக்கி வைத்திருக்கிறார்கள், கடற்கரைப் பக்கம் நிலம் உடைந்தால் அதிர்வு இங்கே வந்து சேர்வதற்குள் ஊளையிட்டுச் சொல்லிவிடும், ஒரு நிமிஷம் கிடைக்கலாம், குறைவாகவும் கிடைக்கலாம், அந்த ஒரு நிமிஷத்தில் இந்தப் படியில், இந்த அகலத்தில், கால் இல்லாத ஆளை நாற்காலியோடு யார் தூக்குவது? செப்டம்பர் பத்தொன்பது வரப்போகிறது, ஊரே தெருவில் இறங்கி ஒத்திகை பார்க்கும், வரிசையாக நின்று செல்போனில் படம் எடுத்துக்கொள்ளும், அந்தத் தேதியிலேயே, எண்பத்தைந்தில் தொடங்கி, மூன்று முறை உண்மையாகவே ஆடித் தொலைத்தது, அதில் இரண்டு தடவை ஒத்திகை முடிந்து மூச்சு விடுவதற்குள், அதனால் இப்போது ஒத்திகை என்றாலே சிரிக்கிறார்கள், பூமிக்கும் நாள்காட்டி பார்க்கத் தெரியும் என்கிறார்கள். சிரிக்கட்டும். ஒத்திகையன்று எலாதியோ தாத்தா என்ன செய்வார் என்று படிவத்தில் கட்டம் இல்லை. இல்லை என்ற பதில் இருக்கிறது, அதனால் அவர் இல்லை. கணக்குப்படி இந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் இரண்டு கால்.

இரண்டாம் மாடி, முழுசு. சந்தோஷப்படவேண்டும், மஞ்சள் தாளுக்குப் பாதி வழி வந்தாயிற்று, ஆனால் ஏனோ சந்தோஷம் வரவில்லை. முந்தாநாள் ராத்திரி லேசாக ஆடியதே, அவள் வீட்டில் தொங்கும் விளக்கு ஊஞ்சலாடியதே, இந்தக் கட்டடம் மட்டும் அசையவில்லையா, அடியில் பாறையா இருக்கிறது, பழைய ஏரியின் சேறு, கீழ்த்தளத்தில் கடைகளுக்காகச் சுவரை எல்லாம் இடித்துவிட்டு ஒல்லித் தூண்களை மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள், மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிகள் வரிசையாக, அதற்குமேல் தகர அறைகள் வேறு, காலில் பலமில்லாத ஆள் தலையில் மூட்டை சுமந்த கதை, இதில் நான் வைத்த ஜிப்சம் மட்டும் கல்வெட்டு மாதிரி இருக்கிறதா? இருக்கட்டுமே, உனக்கென்ன, முழுசு என்றால் முழுசு என்று எழுது. செர்தா அதைத்தான் சொல்வார், ரொம்ப யோசிக்காதே ஓதிலியா, நாம வைத்தியருங்க இல்ல, காய்ச்சல் பாக்குற குழாய், வாயில வச்சா அளவு சொல்லணும், அதோட சரி. நல்ல மனிதர்தான், பிள்ளைகுட்டிக்காரர், ஆனால் காய்ச்சல் பார்க்கிற குழாய்க்குத் தூக்கம் கெடுமா, அவளுக்குக் கெடுகிறதே. சிவப்பு என்றால் வீட்டுக்காரர்களுக்குக் கொண்டாட்டம், செத்துப்போன கிழவியின் ஐந்து வாரிசுகள், பழைய வாடகைக்காரர்களைக் கிளப்ப நாய் படாத பாடு பட்டுக்கொண்டிருக்கிறார்கள், வக்கீல் வைத்து முடியவில்லை, தண்ணீரை நிறுத்தி முடியவில்லை, இப்போது ஓதிலியாவின் ஜிப்சம் உடைந்தால் போதும், அவள் கையெழுத்தில் காரியம் முடிந்துவிடும்.

அம்பாரோ நினைப்பில் வந்துவிட்டாள், எப்போதும் யோசனையின் இந்த இடத்தில் வந்துவிடுவாள், மனசுக்குள் கதவைச் சாத்தினாலும் வந்துவிடுவாள். இரண்டு தெரு தள்ளி ஒரு கட்டடம், இதே மாதிரி, ஒழுங்காகப் பார்த்து, ஒழுங்காக அளந்து, சிவப்பு என்று எழுதினாள், தப்பே கிடையாது, இன்றைக்கும் அப்படித்தான் எழுதுவாள், அந்தத் தூண்களைப் பார்த்தவர் யாரும் வேறு மாதிரி எழுதமாட்டார்கள். பழுது பார்த்ததும் திரும்பி வரலாம் என்று சொல்லித்தான் எல்லோரையும் வெளியேற்றினார்கள். இப்போது அங்கே கண்ணாடிப் பால்கனி வைத்து எட்டு மாடி, கீழே நாய்க்கு முடிவெட்டும் கடை. போன மழைக்காலம் பான்தித்லான் மெட்ரோ நிலையத்தில், மனித வெள்ளத்தில், யாரோ பையைப் பிடித்து இழுத்தார்கள், திருடன் என்று நினைத்துத் திரும்பினால் அம்பாரோ, அந்தக் கட்டடத்தில் தையல் மிஷின் போட்டிருந்தவள். சால்கோவில் இருக்கிறாளாம், மாநகர எல்லைக்கு வெளியே, புருஷன் தானே செங்கல் அடுக்கிக் கட்டிய வீடாம், தூண் இல்லை, கம்பி இல்லை, மழை நின்றதும் தரை பிளந்துகொண்டதாம், நாய் விழுகிற அளவுக்கு, பலகை போட்டு நடக்கிறார்களாம், வேலைக்கு வரப்போக மூன்று வண்டி மாறவேண்டுமாம். திட்டியிருந்தால் பரவாயில்லை. திட்டவில்லை. "நீங்கதான் எங்க உயிரக் காப்பாத்துனீங்க எஞ்சினியரம்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள், கண்ணில் நிஜமான நன்றி. ஓதிலியாவுக்கு அங்கேயே, அந்தக் கூட்டத்திலேயே, உட்கார்ந்து அழவேண்டும் போல் இருந்தது. வரைபடத்தில் அந்தத் தெரு இப்போது பச்சை, அபாயம் குறைந்துவிட்டது, வருடாந்தர அறிக்கையில் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கிப் பாராட்டியிருக்கிறார்கள். அபாயம் குறையவில்லை ஐயா, மூட்டை கட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டது, எங்கள் வரைபடம் முடிகிற கோட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கிவிட்டது, அங்கே யாரும் நிறம் அடிப்பதில்லை என்று அலுவலகக் கூட்டத்தில் சொன்னாள், நல்ல கருத்து என்றார்கள், குறித்துக்கொண்டார்கள், சாப்பாட்டு வேளை வந்துவிட்டது.

மூன்றாம் மாடி ஏறி நாலாம் மாடிக்குத் திரும்பும் வளைவு, இதுதான் இருப்பதிலேயே மோசமான விரிசல், மாடிப்படிச் சுவரில் குறுக்காக இறங்குகிறது, மார்ச்சில் பென்சில் முனை நுழைந்தது. சாட்சி முழுசு. பளிச்சென்று முழுசு. கீழே யாரோ சிரித்துப் பேசும் சத்தம், செர்தாவின் இருமல், வந்துவிட்டார்கள், நிக்கானோர் அவர்களைப் பிடித்துக்கொண்டுவிட்டான் போலிருக்கிறது, என் சுவரையும் பாருங்கள் சார் என்ற குரல் படிக்கட்டு வழியாக ஏறி வந்தது. தேதி பார்த்தாள், மார்ச், தன் கையெழுத்து மாதிரியேதான் இருக்கிறது, ஏழுக்குக் குறுக்குக் கோடுகூடத் தன்னை மாதிரியே... உள்ளங்கையை அதன் மேல் வைத்தாள். சூடாக இருந்தது. காய்ச்சல்காரனின் நெற்றியைத் தொட்ட மாதிரி சூடு. முதலில் புத்திக்கு எட்டவில்லை, வெயில் படுகிறதோ என்று ஜன்னலைத் தேடினாள், இங்கே ஜன்னலே இல்லை. ஜிப்சம் குழைத்துப் பூசினால் இறுகும்போது சூடு கொடுக்கும், கொஞ்ச நேரம்தான், அப்புறம் ஆறிவிடும், இதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. மார்ச் மாதத்துச் சாட்சி செப்டம்பரில் சூடாக இருக்கிறது. நாலாம் மாடிக் கதவு இடுக்கில் மேச்சே நின்றுகொண்டிருந்தாள், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பிள்ளை மாதிரி. ஓ... கேசடியா. சாப்பிட்டுவிட்டுப் போ, சீஸ் வைக்கட்டுமா... ரெண்டு கேசடியா நேரம் இவர்களுக்குத் தேவைப்பட்டிருக்கிறது. நானும் பூசணிப்பூவை ருசித்துத் தின்றேனே, முட்டாள், முட்டாள்.

கூகா படியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கீழே உள்ளதெல்லாமும் இதேதானா என்று கேட்டாள் ஓதிலியா. ஆமாம் என்று தலையசைப்பு. அந்தந்த மாடிக்காரர்கள் அந்தந்தச் சாட்சியைப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடாம், மீட்டர் பக்கத்தில் உள்ளது கூகாவுடையது, இரண்டாம் மாடியில் உள்ளது அங்கிருக்கும் பஸ் டிரைவருடையது, கட்டைவிரல் வைப்பது எல்லோருக்கும் பிடித்துப்போய்விட்டதாம், தேதி எழுதுவது மட்டும் மேச்சே, அவளுக்குத்தான் கையெழுத்து நன்றாக வரும். கோபம் தலைக்கேறியது, இத்தனை நாள் அடக்கிய கோபம் எல்லாம், பல்பு, செருப்பு, இல்லை இல்லை என்ற பதில்கள், எல்லாம் சேர்ந்து ஏறியது, ஆனால் கீழே ஆட்கள் இருக்கிறார்கள், கத்தமுடியாது, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"யார ஏமாத்துறீங்க கூகாக்கா? நிலத்தையா?"

"நிலத்த யாரு ஏமாத்த முடியும் ராசாத்தி. உன்னத்தான்."

"இத எத்தன தடவ மாத்துனீங்க?"

"அப்படிக் கேக்காத. இது உடையாத வாரம் எதுன்னு கேளு."

ஓதிலியா சுவரைப் பிடித்துக்கொண்டாள். உடையாத வாரம் எது. அப்படியானால் விரிசல் உயிரோடு இருக்கிறது, நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு கொழுகொழுவென்று இருக்கிறது, அவள் பயந்ததைவிட மோசம், சேறு இறங்கிக்கொண்டே இருக்கிறது, அடுத்த பெரிய ஆட்டத்துக்கு இந்தப் படிக்கட்டு நிற்காது, படிக்கட்டு போனால் மேலே இருக்கிறவர்கள் மேலேயே, கால் இருக்கிறவர்களும் இல்லாதவர்களும். இது இடிந்தால் எத்தனை பேர் என்று தெரியுமா உங்களுக்கு, விளையாட்டா இது என்றாள், குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது. கூகா நிமிர்ந்து பார்த்தாள், கெஞ்சவும் இல்லை, சண்டைக்கும் வரவில்லை. "இடிஞ்சாலும் இடியும், இடியாமலும் போகும். எம்பத்தஞ்சுலயும் நின்னுச்சு, அப்புறமும் நின்னுச்சு. நீங்க தாள் ஒட்டுனா அப்படியா? நாங்க தெருவுல நிக்கிறது நிச்சயம்" என்றாள். நிகழ்தகவு என்று கல்லூரியில் ஒரு வருஷம் படித்தாள், இதற்குப் பதில் அதில் இல்லை. இருக்கவேண்டும், எங்கேயாவது இருக்கவேண்டும், இது தவறான வாதம், ஒரு குழந்தைகூடச் சொல்லும் தவறு என்று, உயிர் முக்கியமா வாடகை முக்கியமா... உயிர்தான், உயிர்தான் முக்கியம், அம்பாரோவின் உயிரும்தானே, பலகை மேல் நடக்கிற உயிர்.

இங்கிருந்து போனால் எங்கே போவீர்கள் என்று கேட்டாள், கேட்கவேண்டும் என்று நினைத்துக் கேட்கவில்லை, வாயில் வந்துவிட்டது. கூகாவுக்கே ஆச்சரியம். "பல்பு கேட்ட, கக்கூஸ் கேட்ட, எவ்வளவு படிச்சேன்னு கேட்ட, இத நீ கேக்கவேயில்லயே" என்றாள். தங்கை சால்கோவில் இருக்கிறாளாம். ஓதிலியா கண்ணை மூடிக்கொண்டாள், சால்கோ என்று சொல்லாதே, வேறு ஊர் சொல், மொரேலியா சொல், நிலா என்று சொல், அப்படியே எழுதிக்கொள்கிறேன். இன்னும் பூசாத வீடு, ஆனால் ஒரு அறை தருவாளாம், எலாதியோவும் மேச்சேயும்கூட அங்கேதான் எங்கேயாவது பார்க்கவேண்டும், வேறு எங்கே இந்த வாடகைக்குக் கிடைக்கும். சரி. இவர்களை வெளியே அனுப்பினால் இந்தத் தெருவும் பச்சையாகிவிடும், அடுத்த அறிக்கையில் இன்னொரு பக்கம். அனுப்பாவிட்டால் ஒருநாள் காலை இந்த வளைவில் மீட்புப் படை நின்று, சத்தம் போடாதீர்கள் என்று கையை உயர்த்தி, கல்லுக்கு அடியில் காது வைத்துக் கேட்கும், அப்போது கோப்பைத் திறந்து பார்ப்பார்கள், மஞ்சள் என்று யார் எழுதியது? ஓதிலியா எழுதியது. அவள் வீட்டுக் குளியலறைச் சுவரிலும் ஒரு விரிசல் உண்டு, மேலே காலண்டர் மாட்டியிருக்கிறாள், அங்கே ஒரு நாளும் சாட்சி வைத்ததில்லை, பை நிறைய ஜிப்சம் இருந்தும் வைத்ததில்லை, எதற்கு வைப்பானேன், தெரிந்து என்ன செய்யப்போகிறாள், வாடகை ஒப்பந்தம் இன்னும் முடியவில்லை... ஆக, அவளும் மாதாவை நகர்த்தி மாட்டியவள்தான். அது வேறு, இது வேறு. எப்படி வேறு?

செருப்புச் சத்தம் மேலே ஏறத் தொடங்கியது, இரண்டு ஜோடி, நிக்கானோர் விட்டுவிட்டான், செர்தாவின் மூச்சு முதலில் வருகிறது, அப்புறம் அவர் வருவார். வக்கீல் எதையோ கேட்க, அதெல்லாம் இன்னைக்கே முடிஞ்சிரும் என்கிறார். உடைத்துவிடலாம். டார்ச்சின் பின்பக்கத்தால் ஒரு தட்டு, போதும், இறுகாத ஜிப்சம், இரண்டாக விழும், உண்மை அதுதானே, இந்த இடத்தில் இருக்கவேண்டியது உடைந்த சாட்சிதான், பொய்யை உடைத்தால் மெய் என்று ஆகிவிடும். அல்லது பேசாமல் நகர்ந்து நின்று, முழுசு என்று ஒரு சொல், அப்புறம் ராத்திரியோடு ராத்திரியாக எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து, வேறு ஏதாவது, தூணுக்குக் கம்பி, கீழே சுவர், யார் காசு, வீட்டுக்காரர்களா போடுவார்கள், யாரும் போடமாட்டார்கள், அது நடக்காது, நடக்காது என்று தெரிந்தே நினைக்கிறாய் ஓதிலியா. மேச்சே கதவை இன்னும் சாத்தவில்லை, உள்ளேயிருந்து டிவி சத்தம், கால்பந்தாட்டமா என்னவோ, கிழவர் ஏதோ சொல்லி அவரே சிரித்துக்கொண்டார். கூகா எழுந்து சுவரோரமாக ஒதுங்கினாள், குரலை இறக்கி, மன்னிப்புக் கேட்கிற தோரணையில் சொன்னாள், இது சூட்டோடு சூடாகப் பூசினது, கட்டைவிரல் மட்டும் வைக்கவில்லை, மேச்சேக்கு நேரமில்லை.

"என்ன ஓதிலியா, எல்லாம் முழுசா இருக்கா?" செர்தாவின் குரல், ஒரு வளைவு கீழே, இன்னும் பத்துப் பதினைந்து படி, நின்று மூச்சு வாங்குகிறார். அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள், என்ன வரப்போகிறது என்று அவளுக்கே தெரியவில்லை, கூகாவின் முகத்தைப் பார்த்தாள், கூகா இவளைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், வாய் லேசாகத் திறந்திருந்தது. ஓதிலியாவும் திரும்பிச் சாட்சியைப் பார்த்தாள். வலது ஓரத்தில் ஒரு பள்ளம் இருந்தது. ஆழமாக, சுத்தமாக, எப்போதும் இருக்கிற இடத்தில். சற்று முன் இல்லையே, உள்ளங்கையை வைத்தபோது இல்லை, வழவழவென்று இருந்தது, நன்றாக நினைவிருக்கிறது... தன் கட்டைவிரலைத் தூக்கிப் பார்த்தாள், நகம் வரை வெள்ளை, சூடு இன்னும் இருந்தது. எப்போது? சுவரைப் பிடித்துக்கொண்டேனே, அப்போதா? கூகாவிடம் கேட்டுக்கொண்டிருந்தபோதா, நேரமில்லை என்று அவள் சொன்ன பிறகா? பூச்சைத் தொட்டால் கை தானாகச் செய்கிற பழக்கம், பத்துப் பதினைந்து வருஷப் பழக்கம், அதற்கு அர்த்தம் ஒன்றும் இல்லை, பழக்கம்தான், பழக்கமாகத்தான் இருக்கவேண்டும்... செர்தாவின் வழுக்கைத் தலை வளைவில் தெரிந்தது, அவள் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.